திருமலையில் முகாமையாளர் பதவி: பத்திரிகையில் தேடினால் கிடைக்காது

14 வருடம் தோகாவில் களஞ்சிய முகாமையாளராக இருந்துவிட்டுத் நம் திருகோணமலைக்கே (திருமலைக்கே) திரும்பியிருக்கிறீர்கள், ஆறு மாதமாக ஞாயிறு பத்திரிகை பார்த்தும் உங்கள் தரத்துக்கு ஒன்றும் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வராது அண்ணா. அந்த மட்டத்து வேலைகள் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் விசாரித்தே நிரம்பிவிடுகின்றன.

குறிவைக்க இருபது நிறுவனம் வேண்டாம், ஐந்து போதும். டோக்கியோ சிமெந்து, லங்கா ஐஓசி இரண்டும் கொழும்புப் பங்குச் சந்தையில் இருப்பவை, ஆண்டறிக்கையை இலவசமாக வாசிக்கலாம். அடுத்து எதில் பணம் போடப் போகிறார்கள் என்ற பக்கத்தை ஊன்றிப் பாருங்கள். 2022 ஜனவரியில் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் 61ஐ லங்கா ஐஓசியும் பங்குகொண்ட கூட்டு நிறுவனம் அபிவிருத்தி செய்யும் என்று ஒப்பந்தமானதே, அப்படியொரு செய்தி வந்த கிழமையிலேயே அந்த நிறுவனத்துக்கு எழுதிவிட வேண்டும்.

அப்புறம், யாரிடமும் வேலை கேட்டுப் போகாதீர்கள், தொழில் நிலவரம் கேட்டுப் போங்கள். யார் விலகுகிறார் என்பது லொறி ஒப்பந்தக்காரருக்கும் சுங்க முகவருக்கும்தான் முதலில் தெரியும். உப்புவெளியில் ஒருவரோடு தேநீர் குடிக்கும்போதுதான் ஒரு நிறுவனத்தைப் பற்றி "அங்கே பெரியவர் சித்திரையோடு ஓய்வு பெறுகிறார்" என்று என் காதில் விழுந்தது. அடுத்த நாளே அந்த நிறுவனத்துக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்தேன், அவர்களுடைய லொறிகள் வாசலில் காத்து நிற்கும் நேரத்தை எப்படிக் குறைப்பேன் என்று மட்டும். சீவியை அவர்கள் கேட்ட பிறகுதான் அனுப்பினேன்.

நிலாவெளி ஹோட்டல்காரர்களை மட்டும் சீசன் முடிந்து ஒக்டோபரில் பாருங்கள். தோகாவில் கூட வேலை செய்தவர்களில் யார் இப்போது கொழும்பில் இருக்கிறார்கள்? இன்றிரவே ஒரு கொப்பியில் எழுதி, முதல் ஆளுக்கு நாளைக்கே கோல் எடுங்கள்.