எஃப்சிஎல், எல்சிஎல்: கப்பலில் சரக்கு வரவழைக்க எது சரி?

எஃப்சிஎல் என்றால் ஒரு கன்டெய்னர் முழுவதையும் நீங்களே எடுப்பது. எல்சிஎல் என்றால் பலருடைய சரக்கோடு உங்களுடையதும் ஒரே கன்டெய்னரில் வருவது. தனி வண்டி பிடிப்பதற்கும் பேருந்தில் போவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

எல்சிஎல்லில் நீங்கள் அடைக்கும் இடத்துக்கு, அதாவது கன மீட்டர் கணக்கில்தான் பெரும்பாலும் கட்டணம். ஆனால் சேரும் துறைமுகத்தில் எல்லாச் சரக்கையும் கிடங்கில் இறக்கிப் பிரிக்க வேண்டும். அதனால் நாளும் கூடும், கையாளும் கூலியும் கூடும். வேறொருவரின் ஆவணத்தில் சிக்கல் என்றால்கூட உங்கள் பெட்டியும் சேர்ந்து தாமதமாகலாம். 20 அடி கன்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர்; அதில் பாதியை நெருங்கினாலே எஃப்சிஎல் விலையையும் கேட்டுவிடுங்கள். உடையும் பொருள் என்றால் இன்னும் முன்னதாகவே.

அப்புறம், கன்டெய்னர் நிரம்பினால்தான் எஃப்சிஎல் எடுக்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி காலியாக இருந்தாலும் தாராளமாக எடுக்கலாம்.