கயாக் தூண்டிலுக்குத் தடைக்கால விலக்குச் சீட்டா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கொல்லங்கோட்டில் இருக்கிறேன் அண்ணாச்சி. பிப்ரவரியில் பன்னிரண்டு அடிக் கயாக் ஒன்று வாங்கினேன். ஞாயிறுதோறும் எல்லை தாண்டிக் கேரளத்துப் பூவாற்றில் கண்டல் (அலையாத்தி மரம்) ஓரமாக லூர் (செயற்கை இரை) போடுகிறேன். மனைவி வீடு நாகர்கோவில் என்பதால் சில வாரம் மணக்குடிக் காயலுக்கும் போவதுண்டு. கடல் ஏற்ற இறக்கம் காட்டுகிற டைட் ஆப் பார்த்துத்தான் போகிறேன். ஆனாலும் இதுவரை ஒரு கொடுவா மீன்கூட ஏறவில்லை. இதற்கிடையில் ஒருவர், "மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டது, பிடித்தால் கயாக் பறிமுதல், விலக்குச் சீட்டு வாங்கித் தருகிறேன்" என்று 4,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? மே மாதம் லீவு போட்டிருக்கிறேன், வீணாகிவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்த 4,500 ரூபாய். கொடுக்காதீர்கள் தம்பி. முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அது போனது போகட்டும், மீதியையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

உங்களைப் பயமுறுத்தியது டிவியில் ஓடுகிற ஏப்ரல் 15 என்ற தேதி. அது கிழக்குக் கடற்கரையின் தேதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நம் மாவட்டத்தில் அது சின்னமுட்டம் பக்கத்தோடு முடிந்துவிடும். கன்னியாகுமரிக்கு மேற்கே நீரோடி வரைக்கும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எல்லை தாண்டிப் பூவாறு போய்விட்டால் கேரளக் கணக்கு: ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள், அதுவும் இழுவைப் படகுகளுக்கு. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம், ஆற்றைத் தாண்டினால் மூன்றாவது. இதை ஒரு பலகையில் எழுதி ஒவ்வொரு இறங்குதுறையிலும் நட்டுவைக்க எவ்வளவு செலவாகும்? செய்ய மாட்டார்கள். செய்துவிட்டால் சீட்டு விற்பவருக்குப் பிழைப்பு ஏது?

ஆக, மே மாதத்தில் நீங்கள் போகிற இரண்டு இடத்திலும் விசைப்படகுக்கே தடை இல்லை. ஜூன் பிறந்தாலும் அந்தத் தடை இயந்திரப் படகுக்குத்தான். துடுப்புப் போடுகிற கட்டுமரத்துக்கு இல்லாத தடை உங்கள் பிளாஸ்டிக் கயாக்குக்கு எங்கிருந்து வரும்? தடையே இல்லாத இடத்தில் விலக்கு என்று ஒரு சீட்டு எப்படி இருக்கும்?

அந்தச் சீட்டை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். லேமினேட் செய்த அட்டை. மேலே சிங்க முத்திரை, கீழே பச்சை மையில் புரியாத கையெழுத்து. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று ஒரு வரி கிடையாது. அலுவலக எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கைபேசி எண். அதில் கூப்பிட்டால் அட்டையைக் கொடுத்த அதே ஆள்தான் எடுக்கிறார்.

இந்த வியாபாரம் ஏன் ஓடுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். சில வருடத்துக்கு முன் ஓர் அலுவலகத்துக்குப் போய், துடுப்புக் கயாக்குக்குத் தடைக்காலம் பொருந்தாது என்று ஒரு வரி எழுதித் தரமுடியுமா என்று கேட்டேன். "பொருந்தாத ஒன்றுக்கு நாங்கள் எப்படி எழுதிக் கொடுப்பது?" என்றார்கள். சரி, கரையில் யாராவது மறித்தால் எதைக் காட்டுவது என்று கேட்டதற்கு, "யாரும் மறிக்க மாட்டார்கள்" என்று பதில். வெளியே வந்து செருப்பை மாட்டுவதற்குள், "சார், பேப்பர் வேணுமா?" என்று ஒருவர் பக்கத்தில் வந்து நிற்கிறார். அலுவலகத்தில் எழுதித் தராததை வாசலில் விற்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம். பூவாறு கேரளம் என்பதால் அங்கே உள்நாட்டு நீர்நிலைகளுக்கு 2010-ல் வந்த தனிச் சட்டம் உண்டு. சந்தேகம் இருந்தால் அந்த ஊர் மீன்வளத் துறை அலுவலகத்திலேயே நேராகப் போய்க் கேளுங்கள், நடுவில் ஆள் வேண்டாம்.

மணக்குடி மட்டும் வேறு கதை. இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், ஏனென்றால் இந்த ஒரு இடத்தில்தான் உங்களுக்கு நிஜமாகவே சிக்கல் வரலாம். மணக்குடிக் காயல், சுசீந்திரம்–தேரூர்–மணக்குடி என்று சேர்த்து வனத்துறை அறிவித்த பாதுகாப்புப் பகுதியில் வருகிறது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்துக்கு 2022-ல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநில அங்கீகாரமும் கிடைத்திருக்கிறது. அங்கே மீன்வளத் துறையின் தடைக்காலத் தேதி எதற்கும் உதவாது, கேள்வி கேட்கப்போவது வனத்துறை. கீழமணக்குடி, மேலமணக்குடிக்காரர்கள் தலைமுறையாக வலை போடுகிறார்கள், அது அவர்கள் வாழ்வுரிமை. அவர்களில் ஒருவர், "எங்க ஊருதானே, நான் சொல்லிக்கிறேன், ஆயிரம் குடு" என்றால் நம்பி இறங்காதீர்கள். அவர் உரிமையை அவர் உங்களுக்கு வாடகைக்கு விட முடியாது. வனச்சரக அலுவலகத்தில் இரண்டு பிரதியாக ஒரு மனு கொடுங்கள்: பெயர், கயாக், துடுப்பு மட்டும், தூண்டில் மட்டும், இந்த இந்தத் தேதி. அனுமதி வேண்டுமா வேண்டாமா என்று சொல்லவேண்டியவர்கள் அவர்கள்தான். ஒரு பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வருமா என்றால், முத்திரை கட்டாயம் வரும். பதில் வரும்வரை பூவாற்றிலேயே போடுங்கள். அப்புறம் மணக்குடிக்குப் போனாலும், சுனாமிக்குப் பிறகு நட்டு வளர்த்த கண்டல் கன்றுகள் நிற்கிற பக்கம் கயாக்கை இழுத்துக்கொண்டு நடக்காதீர்கள். சேற்றில் பென்சில் நட்டதுபோல நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சு வேர்கள். மிதித்து ஒடித்தால் மரத்துக்கு மூச்சு முட்டும்.

இனி மீன் ஏறாத கதை. ஆப்பைப் பார்த்துப் போகிறேன் என்றீர்களே, அங்கேதான் கோட்டை விட்டீர்கள். ஆப் காட்டுவது கடலின் ஏற்ற இறக்கத்தை. பிப்ரவரி முதல் ஆற்றில் வரத்து குறைந்துவிடும், அலை மணலைக் கொண்டுவந்து குவிக்கும், பொழி, அதாவது காயல் கடலில் சேர்கிற வாய், அடைத்துக்கொள்ளும். பொழி அடைத்த காயலுக்குள் ஏற்றமும் கிடையாது, வற்றமும் கிடையாது. நீங்கள் காலை 6.40-க்கு வெள்ளம் (ஏறிய தண்ணீர்) வற்றுகிறது என்று நம்பி லூர் போட்டிருப்பீர்கள். கடல் வற்றியிருக்கும், காயல் குளம்போல அசையாமல் கிடந்திருக்கும். பொழி திறந்திருந்தாலும் இந்தக் கடற்கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், அது உள்ளே வந்து சேரவும் நேரம் பிடிக்கும்.

கயாக்கை இறக்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கரையில் ஒரு கண்டல் வேரைப் பாருங்கள். ஈரக்கோடு தண்ணீருக்கு மேலே நாலு விரல் தெரிந்தால் வெள்ளம் வற்றுகிறது, பொழி திறந்திருக்கிறது. கோடே இல்லாமல் வேர் காய்ந்து, தண்ணீர் மட்டத்தில் பாசி ஒரே வரியாகப் படிந்திருந்தால் பொழி அடைத்துவிட்டது. அதற்கு ஆப் வேண்டாம். அல்லது வலை உதறிக்கொண்டிருக்கும் யாரிடமாவது கேளுங்கள். என்னிடம் ஒரு பெரியவர் சொன்னது: "தண்ணி ஓடுனாத்தான் மக்கா மீனு வாயத் தொறக்கும். ஓடலன்னா நெழலப் பாத்துப் போடு."

அவர் சொன்னதுதான் மொத்தப் பாடமும். பொழி திறந்து வெள்ளம் வற்றும் நேரத்தில், கண்டல் காட்டுக்குள்ளிருந்து சின்ன ஓடைகள் வழியாகத் தண்ணீர் வெளியே வரும். இறாலும் மடவைக் குஞ்சும் அதோடு வரும். கொடுவா அந்த ஓடை வாயில், ஓட்டத்துக்குச் சற்று ஒதுங்கி, நிழலில் தலையை வைத்து நிற்கும். லூரை ஓடைக்குள் போட்டு, தண்ணீரோடு மிதந்து வெளியே வரவிடுங்கள். பொழி அடைத்திருந்தால் ஓடை வாய் வெறும் வாய். அப்போது நிழலும் காற்றும்தான் கணக்கு. அதிகாலையில் கிழக்குக் கரைக் கண்டலின் நிழல், மாலையில் மேற்குக் கரை நிழல். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்து தண்ணீரைச் சுளித்துத் தள்ளும், குஞ்சு மீன்கள் காற்று அடிக்கிற கரையில் ஒதுங்கும். அங்கே போடுங்கள். பாலத்துத் தூண்களின் இருட்டையும் விடாதீர்கள். பத்து மணிக்கு மேல் மூன்று மணி வரை வீட்டில் தூங்கலாம், மே மாத வெயிலில் கயாக் ஒரு தோசைக்கல். தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பக்கத்தில் எங்கோ கதம்பல் (தேங்காய் மட்டை) ஊறப் போட்டிருக்கலாம், அங்கே மீனைத் தேட வேண்டாம், நகர்ந்துவிடுங்கள்.

அடுத்து, கயாக்கை நிறுத்துகிற விதம். எல்லோரும் கண்டலுக்கு நேர் எதிரே நின்று வேரைப் பார்த்து வீசுகிறார்கள். லூர் வேர் ஓரத்தில் இரண்டு கை நீளம் ஓடும், மீதி இழுப்பெல்லாம் வெற்றுத் தண்ணீர். அதற்குப் பதில் கரைக்கு இணையாக, மரத்திலிருந்து ஒரு ஆள் நீளம் தள்ளி வீசுங்கள், இழுப்பு முழுக்க நிழல் ஓரமாகவே வரும். மெதுவாகச் சுற்றுங்கள், நிறுத்துங்கள், மூன்று எண்ணுங்கள், மறுபடி சுற்றுங்கள். நிறுத்தும்போதுதான் பெரும்பாலும் அடிக்கும். அப்புறம் ஒன்று: கரையில் நின்றால் நீங்கள் மீனை இழுக்கலாம், கயாக்கில் மீன் உங்களை இழுக்கும். அடித்த கொடுவா வேருக்குள் பாயும், பின்னாலேயே கயாக்கும் மிதந்து போகும், தூண்டில் நரம்பு தளர்ந்து வேரில் சுற்றிக்கொள்ளும். அதனால் வீசுவதற்கு முன்பே சேற்றில் ஒரு கழியைக் குத்தி, கயாக்கை அதில் கட்டிவிடுங்கள். உருவினால் உடனே வருகிற முடிச்சாக இருக்கட்டும். காற்று ஊதி நிரப்புகிற கயாக் விற்கிறார்களே, அது இந்த வேலைக்கு ஆகாது. வேரில் ஒட்டிய சிப்பி பிளேடு மாதிரி கிழிக்கும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

லூர் விஷயத்தில் கடைக்காரர் சொல்லாதது இன்னும் நிறைய. மூன்று முக்கொக்கி தொங்குகிற பளபளப்பான மின்னோவை (குஞ்சு மீன் வடிவ லூர்) கையில் திணிப்பார். ஒன்றரை மீட்டர் ஆழம் போகும் என்று அட்டையில் போட்டிருக்கும், கண்டல் ஓரத்தில் தண்ணீரே ஒரு மீட்டர்தான். முதல் வீச்சில் சேறு, இரண்டாவதில் வேர், மூன்றாவதில் லூர் போச்சு. மறுவாரம் அவரிடமே போய் இன்னொன்று வாங்குவீர்கள். வேண்டியது மூன்று அங்குல ரப்பர் இறால், கொக்கி முனை உடலுக்குள் ஒளிந்திருக்கிற வகை, ஐந்து ஏழு கிராம் எடை. கூடவே ஆழம் போகாமல் மிதக்கிற ஒரு மின்னோ, முக்கொக்கியைக் கழற்றி ஒற்றைக் கொக்கி மாட்டியது. விடியற்காலைக்கு, நீர்மட்டத்தில் சத்தம் எழுப்புகிற ஒரு பாப்பர். பிரெய்டு (பின்னல் நரம்பு) 20 பவுண்டு போதும், ஆனால் முனையில் 40 பவுண்டு லீடர் (தடித்த நரம்பு) ஒரு கை நீளமாவது இருக்கவேண்டும். கொடுவாவின் செவுள் மூடி ஓரம் சவரக் கத்தி, தலையை ஒரு உதறு உதறினால் வெறும் பிரெய்டு அறுந்துவிடும். உங்கள் விரலும்தான், உதட்டைப் பிடிக்க லிப் கிரிப் வைத்துக்கொள்ளுங்கள். கேரளக் கரையில் இதையே காளாஞ்சி என்பார்கள், பெயர் தெரியாமல் வேறு மீன் என்று விட்டுவிடாதீர்கள். ரொம்பப் பெரியது ஏறினால் போட்டோ எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். இது இளமையில் ஆண், வளர்ந்தபின் பெண்ணாகிற மீன், பெரியதெல்லாம் முட்டைக்காரி.

கடைசியாக, பொழிப் பக்கம் கயாக்கைக் கொண்டுபோகவே கூடாது. கோடையில் காற்றே இல்லாமல், வானம் வெளுத்திருக்கும்போதே கடல் ஏறி அடிக்கும். கள்ளக்கடல் என்று இரண்டு கரையிலும் அதற்குத்தான் பெயர். எங்கோ தென்பெருங்கடலில் எழுந்த அலை நாள்கணக்கில் நடந்து வந்து இங்கே சேர்கிறது. 2024 மே மாதம் நம் மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இப்படித்தான் அலை இழுத்தது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. இன்காய்ஸ் என்கிற மத்திய நிறுவனம் தினமும் வெளியிடுகிறது, கிளம்புமுன் அதைப் பாருங்கள். மழை இறங்கி பொழியை வெட்டிவிடுகிற நாளில் மீன் குவியும் என்று சொல்லி கைடுகள் ஆள் சேர்ப்பார்கள், அன்றைக்கு ஓடுகிற ஓட்டத்தில் துடுப்பு துரும்பு. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் முழங்கால் தண்ணீரிலும் இறங்காதீர்கள்.

4,500 மிச்சமாகிறதே, அதில் ஒரு நல்ல ஜாக்கெட் வாங்குங்கள். உங்கள் பெட்டியில் இப்போது இருக்கிற லூர்களைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேட்பீர்கள். எடுக்க மாட்டார்கள், நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.