தொப்பி போட்டவர் பாவம்

அண்ணாவுக்கு வணக்கம்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வந்த என் தமையன், தன் பிள்ளைகள் பார்த்து முடித்த டிவிடிகளை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் 'மீட் த ராபின்சன்ஸ்' என்றொரு கார்ட்டூன் படம் இருந்தது. தோல்வியைப் பற்றி நல்ல பாடங்கள் உள்ள படம், மகனுக்குக் கட்டாயம் காட்டு என்றார். என் மகன் இந்த முறை புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைய எடுத்தான். அன்றிலிருந்து வீட்டில் அதிகம் பேசுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொப்பியும் பேனையும் கொடுத்து, படத்தில் வரும் பாடங்களைக் குறித்துக்கொள் என்று சொல்லிப் பார்க்க வைத்தேன். முழுப் படத்துக்கும் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: "தொப்பி போட்டவர் பாவம்." தொப்பி போட்டவர்தான் படத்தின் வில்லன். படம் அவனுக்கு விளங்கவில்லை என்று நினைக்கிறேன். காலத்துக்கு முன்னும் பின்னும் போகும் கதை பத்து வயதுக்குக் குழப்பமாக இருக்குமோ? அல்லது ஆங்கிலம்தான் காரணமோ? பக்கத்து வீட்டுப் பையன் சித்தியடைந்துவிட்டான். சந்தியில் அவனுடைய படத்துடன் பதாகை கட்டியிருக்கிறார்கள். இவன் மனம் நோகும் என்று நான் அங்கே விளையாட விடுவதில்லை. அந்தப் பையனும் இரண்டு மூன்று தரம் படலையில் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இப்போது வருவதில்லை. தோல்வியை எப்படி எடுத்துக்கொள்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் வேறு நல்ல படங்கள் இருந்தால் எழுதுவீர்களா?

பெயர் வேண்டாம், கோண்டாவில்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் என் பெரியப்பாவின் ஆட்டைத் திவசம் முடிந்தது. அங்கே கேட்ட ஒரு பேச்சு அன்றிலிருந்து என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். பெரியப்பாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கோபத்தைச் சொல்லிவிட வேண்டும்.

பத்து வயதுப் பிள்ளைக்குப் படம் காட்டும்போது கையில் கொப்பியும் பேனையும் எதற்கு? ஆண்டு மூன்றில் இருந்தே அவன் ரியூசன் கொப்பிகளோடு அலைந்திருப்பான். பரீட்சை முடிந்த பிறகாவது அந்தக் கையைச் சும்மா விட்டிருக்கலாம். நீங்கள் அவனுக்குப் படம் காட்டவில்லை, மூன்றாவது வினாத்தாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறீர்கள். அதிலும் அவன் தோற்றுவிட்டான் என்று எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். படம் அவனுக்கு நன்றாக விளங்கியிருக்கிறது. அந்தப் படத்தைப் பற்றிப் பெரியவர்கள் எழுதிய எத்தனையோ கட்டுரைகளை வாசித்திருக்கிறேன். உங்கள் மகன் எழுதிய மூன்று சொல்லுக்கு அவை ஈடாகாது.

காலப் பயணமும் ஆங்கிலமும் ஒரு பொருட்டே இல்லை. பிள்ளைகள் அதையெல்லாம் நம்மைவிட லேசாகக் கடந்துவிடுவார்கள்.

2007 மார்ச்சில் திரையரங்குக்கும் அதே ஆண்டு ஒக்டோபரில் டிவிடியாக வீடுகளுக்கும் வந்த படம் அது. அநாதை இல்லத்தில் வளரும் லூயிஸ் என்ற பையன் எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருப்பான். எல்லாம் வெடித்துச் சிதறும். எல்லோரும் எடுத்துக்காட்டுவது சாப்பாட்டு மேசைக் காட்சியை. பாணில் கச்சான் பட்டரும் ஜாமும் பூசும் இயந்திரம் ஒன்றை லூயிஸ் திருத்தப் போய், அது வெடித்து எல்லோர் முகத்திலும் அப்புகிறது. அவன் கூனிக்குறுகி நிற்க, அந்தக் குடும்பமே கைதட்டி அவன் தோற்றதைக் கொண்டாடுகிறது. நல்ல காட்சிதான். எடுத்தவர்களுக்கும் இது வெறும் உபதேசம் இல்லை. டிஸ்னி நிறுவனம் பிக்சாரை வாங்கிய 2006 இல், படைப்புப் பொறுப்புக்கு வந்த ஜோன் லசட்டர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, வில்லன் பயமூட்டவில்லை என்றார். ஏறத்தாழ அறுபது வீதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்தார்கள். தொப்பிக்காரனை இன்றைய வடிவத்துக்குச் செதுக்கியது அந்த மறுவேலைதான்.

ஆனால் உங்கள் மகன் அந்தக் கைதட்டலைக் குறித்துக்கொள்ளவில்லை. அவன் கண் தொப்பிக்காரனில் நின்றிருக்கிறது. அவன் யார் என்று நினைத்துப் பாருங்கள். லூயிசோடு ஒரே அறையில் வளர்ந்த கூப் என்ற சின்னப் பையன். லூயிஸ் தன் இயந்திரத்தோடு இரவிரவாக மல்லுக்கட்டியதில் கூப்புக்கு நித்திரை இல்லை. அடுத்த நாள் பேஸ்போல் ஆட்டத்தில் கண் சொருகிப்போய், பிடித்திருந்தால் வென்றிருக்கக்கூடிய பந்தைத் தவறவிடுகிறான். அந்த ஒரு பந்தையே வாழ்நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்து, இடிந்துபோன அதே அறையில் தனியே வளர்ந்து, கடைசியில் தொப்பியும் மீசையுமாகப் பழிவாங்க வருகிறான்.

அதில் ஒரு சிறிய காட்சி, அரை நிமிடம்கூட இருக்காது. கூப் பாடசாலையில் நடந்து போகிறான். எதிரே வரும் ஒரு பையன் அவனுடைய கோப்பைப் பார்த்து அழகாக இருக்கிறது என்கிறான். இன்னொருவன், இன்றைக்கு என் வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்கிறான். கூப் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்விடுகிறான். வளர்ந்தபின் அந்த நாட்களைச் சொல்லும்போது, எல்லோரும் தன்னை வெறுத்தார்கள் என்கிறான். சிரிக்க வைப்பதற்காக எடுத்த காட்சி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் மகனுக்கும் வந்திருக்காது.

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி எல்லாவற்றுக்கும் தடை. அந்த ஐந்தாறு ஆண்டுகள் எங்கள் ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்கும் கொஞ்சம் நினைவிருக்கும். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் வைத்து, நூல் போன்ற திரியில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் மிதியைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தோம். இவற்றை எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் சரிவராத நூறு இரவுகள் இருந்தன. தோற்கத் தெரிந்த ஊர் இது.

என் பெரியப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். பின்வளவுக் கொட்டிலில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலை தொடங்கும். மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. இயந்திரம் சூடேறினால்தான் பற்றும். அதற்குச் சில சொட்டுப் பெற்றோலாவது வேண்டும். மருந்துப் போத்தல் ஒன்றில் பொன்போல வைத்திருந்த பெற்றோலை கார்பரேட்டருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு உதைப்பார். ஒரு தும்மல், வெள்ளைப் புகை, அவ்வளவுதான். பிளக்கைக் கழற்றி, அதில் பிடித்த கரியை அரத்தாளால் தேய்த்து, ஊதி, மறுபடி பூட்டுவார். மண்ணெண்ணெய்க் குழாயை வளைத்துச் சூடான பக்கமாகக் கொண்டுபோய்ப் பார்த்தார். அதுவும் சரிவரவில்லை. ஒவ்வொரு முறை புகை வரும்போதும் அவர் சிரித்த சிரிப்பு ஒழுங்கை முழுக்கக் கேட்கும்.

விளக்குப் பிடிப்பது நான். பெற்றோல் போத்தலின் மூடியைத் திறக்குமுன் "நாலடி பின்னால் போ" என்பார். போத்தல் மூடியதும் கையசைப்பார், கிட்டே போவேன். பெரியப்பாவுக்கு மூன்று பெண்பிள்ளைகள். என்னை மகன் என்றுதான் கூப்பிடுவார். இருபத்தேழாவது இரவில் வண்டி நிற்காமல் ஓடியது. கணக்கு வைத்திருந்தவன் நான், அதனால் எண்ணிக்கை பிழையாகாது. அந்த நேரத்திலேயே என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சந்தி வரை போய் வந்தார்.

அதே ஆண்டு நான் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினேன். நான்கு புள்ளியில் கோட்டைவிட்டேன். பெறுபேறு வந்த அன்று பின்னேரம் பெரியப்பா வந்தார். விறாந்தையில் நின்றபடியே அம்மாவிடம் எத்தனை புள்ளி என்று கேட்டார். அம்மா சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். என்னைப் பார்த்தார், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டியைக் கிளப்பாமல் படலைவரை உருட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் என்னை ஒரு நாளும் கொட்டிலுக்குக் கூப்பிடவில்லை. வேறொரு பையன் விளக்குப் பிடித்தான். மதிலுக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கொஞ்ச நாளில் தவறிய புள்ளிகளே மறந்துவிட்டன. அந்த முகம் திரும்பியதை மறக்க முடியவில்லை. இருபத்தாறு இரவு புகையடித்த இயந்திரத்தைப் பார்த்துச் சிரித்தவருக்கு என்னுடைய நான்கு புள்ளியைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லையே என்று நினைத்தேன். அவர் என்னைத் தலைமுழுகிவிட்டார் என்று முடிவுகட்டினேன். அவர் எனக்கென்று கொடுத்தனுப்பும் பலகாரங்களைத் தொடமாட்டேன். பல்கலைக்கழகம் போனபோது சொல்லிக்கொண்டு போகவில்லை. கலியாணத்துக்கு ஊரோடு ஒன்றாக அழைப்பிதழ் அனுப்பினேன். அவர் வந்து கடைசி வரிசையில் இருந்துவிட்டுப் போனார். முப்பது ஆண்டுகள், தங்கை. ஒரே ஒழுங்கையில்.

திவசத்தன்று பந்தி முடிந்து எல்லோரும் போனபிறகு பெரியம்மா என்னை இருத்திச் சொன்னார். "இரவிரவாக உன்னை விளக்குப் பிடிக்க வைத்துத் தன்னால்தான் நீ சோதனையில் கோட்டைவிட்டாய் என்று அந்த மனிதன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இனி அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கெடுக்கக் கூடாது என்று சத்தியம் செய்திருந்தார். உன் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கம்."

அன்று வெட்கப்பட்டு நின்றவர் அவர். அதை நான் வெறுப்பு என்று வாசித்துவிட்டேன்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். இவன் மனம் நோகும் என்று பக்கத்து வீட்டுக்கு விடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையன் படலையில் வந்து கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு என் வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்டவன் அவன். அந்தக் கேள்வி உங்கள் மகனின் காதுக்குப் போகுமுன் நீங்கள் மறித்துவிட்டீர்கள். அன்பினால்தான் செய்தீர்கள், தெரியும். என் பெரியப்பாவும் அன்பினால்தான் செய்தார். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் காரணம் எப்படித் தெரியும்? நான் தோற்றதால் அம்மா என்னை வெளியே காட்ட வெட்கப்படுகிறார், அவன் வென்றதால் என்னைத் தேடி வருவதில்லை, இப்படித்தான் அவன் வாசிப்பான். அந்த வாசிப்பை அழிக்க முப்பது ஆண்டுகள் போதாது.

சந்திப் பதாகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கராவின் காலத்தில், கிராமத்து ஏழைப் பிள்ளை ஒன்று மத்திய கல்லூரியில் சேர்ந்து படிக்கட்டும் என்று ஏற்படுத்திய உதவி இந்தப் புலமைப்பரிசில். இன்று ஆண்டுதோறும் மூன்று இலட்சம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். பெரும்பாலானவர்கள் வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் நிற்பார்கள். அந்தப் புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. ஒரு மாவட்டத்தில் தவறிய பிள்ளை இன்னொன்றில் எழுதியிருந்தால் தப்பியிருக்கும். இப்படியொரு கோட்டை வைத்துக்கொண்டு, அதற்கு மேலே நின்ற பிள்ளைகளின் முகங்களைப் பத்தடி அகலத்துக்கு அச்சடித்து, கீழே நின்ற பிள்ளை ஒவ்வொரு நாளும் சைக்கிளில் போகும் சந்தியில் கட்டுகிறோம். வென்ற பிள்ளைக்கும் அது நல்லதில்லை. அவன் இனி ஒரு பந்தைத் தவறவிட முடியாது, ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாடசாலைகள் கட்டுகின்றன, கல்வி நிலையங்கள் கட்டுகின்றன, மாமாவும் சித்தியும் சேர்ந்து கட்டுகிறார்கள். டைனமோ சுற்றிய அதே கைகள்தான் கயிறு கட்டுகின்றன. எல்லோருக்கும் முன்னால் தோற்றுச் சிரித்த மனிதர்களுக்கு, பிள்ளைகளின் இரண்டு புள்ளியை மட்டும் எப்படிப் பொறுக்க முடியாமல் போயிற்று? எத்தனை இரவு யோசித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. அகதியாய் ஓடிய ஓட்டத்தில் சான்றிதழ் ஒன்றுதான் கையோடு வந்தது, அந்தப் பயம் இன்னும் விடவில்லை என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். அந்தப் பயத்தைப் பத்து வயதுத் தலையில் இறக்கிவைக்காதீர்கள்.

வேறு படங்கள் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம்.

படத்தின் கடைசியில் லூயிஸ் என்ன செய்கிறான் என்று நினைவிருக்கிறதா? காலத்தில் திரும்பி வருகிறான். கூப்பின் ஆட்டம் நடக்கிறது. பந்து மேலே எழும்பியிருக்கிறது, கூப் தூங்கி வழிகிறான். லூயிஸ் அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறான். அவ்வளவுதான் செய்கிறான். கூப் கண் விழித்துப் பிடித்துவிடுகிறான்.

இன்று பின்னேரம் நீங்களே மகனைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் படலைக்குப் போங்கள். உள்ளே நிற்கும் பிள்ளையை நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், இவன் கூச்சப்படுவான். நன்றாகச் செய்திருக்கிறாய் என்று இவனுக்கு முன்னாலேயே அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். மகன் இரண்டு புள்ளியில் தவறவிட்டான் என்பதையும் அதே மூச்சில், அதே குரலில் சொல்லுங்கள். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், திரும்பிவிடாதீர்கள். பிறகு இரண்டு பேரையும் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். இருட்டினாலும் கூப்பிட வேண்டாம்.

அன்புடன்,
அண்ணா