கேளுங்க, சொல்றோம்: இரண்டாம் பாகத்தில் சிரிப்பு எங்கே போகிறது?

நகைச்சுவைப் படங்களின் அடுத்த பாகங்கள், மறு ஆக்கங்கள் பற்றி ராமநாதபுரம் கடற்கரை வாசகர்கள் கேட்டவை இந்த இதழில்.

பாம்பன் பாலத்துக்கே 2025-ல் இரண்டாம் பாகம் வந்தாச்சு. 23ஆம் புலிகேசிக்கு மட்டும் ஏன் வரவில்லை?
— பாம்பன் வாசகர்

வரத்தான் பார்த்தது. 2017-ல் தொடங்கிய 24ஆம் புலிகேசி, வடிவேலுவுக்கும் தயாரிப்புத் தரப்புக்கும் வந்த தகராறில் பாதியிலேயே நின்றது. 2021-ல் அந்தப் பிரச்சினை தீர்ந்து வடிவேலு திரும்பினார், படம் திரும்பவில்லை. எடுத்திருந்தாலும் சுலபமாக இருந்திருக்காது. 2006 படத்தில் ராஜாவின் முட்டாள்தனம் பாதிதான். அவரை ஆட்டிவைக்கும் நாசரின் சங்கிலிமாயனும், எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று வாங்கிக்கொள்ளும் இளவரசுவின் மங்குனி அமைச்சரும் மீதிப் பாதி. ராஜாவை மட்டும் கூட்டிவந்து உட்காரவைத்தால் தர்பார் காலியாகத்தான் தெரியும்.

நீங்கள் சொன்ன பாலத்தையே பாருங்கள். 1914 பாலம் இரண்டு கையாக விரிந்து கப்பலுக்கு வழிவிட்டது. புதியதில் 72.5 மீட்டர் துண்டு அப்படியே மேலே ஏறுகிறது. வேலை அதே, வித்தை வேறு. இந்த மாதிரி யோசிக்கிற ஆள் கிடைத்தால் 24ஆம் புலிகேசி வரட்டும்.

'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' பார்த்தேன். இவர் எங்கள் நாய் சேகரே இல்லை. சரிதானே?
— கீழக்கரை வாசகர்

உங்கள் கட்சிதான் நாமும். 'தலைநகரம்' (2006), 'ரிட்டர்ன்ஸ்' (2022) இரண்டுக்கும் இயக்குநர் சுராஜ், நடித்தவர் வடிவேலு. 'நாய் சேகர்' என்ற தலைப்பை சதீஷ் நடித்த படம் முந்திக்கொண்டதால் வாலில் 'ரிட்டர்ன்ஸ்' ஒட்டியது. பழுது தலைப்பில் இல்லை. பழைய சேகர் ரவுடியே கிடையாது. ரவுடி என்று பெயர் வாங்க ஏங்குகிறவன். யாரும் பிடிக்காமலேயே போலீஸ் வண்டியில் தானாக ஏறுவான். யாரும் நம்பாததுதான் அங்கே சிரிப்பு. 2022 சேகர் நிஜமாகவே நாய் கடத்துகிறார், அதுவே தொழில். ஏக்கம் போய்ப் பட்டப்பெயர் மட்டும் மிஞ்சிவிட்டது.

திருவிழா மேடையில் அந்தப் போலீஸ் வண்டிக் காட்சியைப் போட்டோம். வசனம் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஏன்?
— தங்கச்சிமடம் வாசகி

வசனம் தப்பாததுதான் முதல் தப்பு. கூட்டத்துக்கு அது மனப்பாடம், உங்களுக்கு முன்னால் அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். ஆசையை வைத்துக்கொண்டு ஆளை மாற்றுங்கள். சொந்தமாக ஒரு வள்ளம்கூட இல்லாதவன், கடலுக்குப் போக மீன்பிடி டோக்கன் கொடுக்கிற வரிசையில் வந்து தானும் சம்மாட்டிதான் (படகு முதலாளிதான்) என்று அடம்பிடிக்கட்டும். வரிசையில் நிற்கிற நாலு பேர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. டோக்கன் கொடுப்பவர் சிரிக்கவே கூடாது. அவர் உதட்டோரம் லேசாக அசைந்தாலும் காட்சி போச்சு.

அடுத்தது இடைவெளி. சினிமாவில் எடிட்டர் வெட்டிவைத்த வேகத்திலேயே நீங்களும் பேசியிருப்பீர்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு வசனம் போய்ச் சேர்ந்து, அவர் சிரிப்பு உங்களிடம் வர மூன்றில் ஒரு பங்கு விநாடி ஆகும். அவர் புரிந்து சிரிக்கிற நேரம் தனி. முக்கிய வரிக்குப் பிறகு மனசுக்குள் இரண்டு எண்ணுங்கள். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரி. முழுசாக அடங்கும்வரை காத்திருந்தால் சூடு ஆறிவிடும்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) காலம் என்றால் மேடையின் முதுகு தென்மேற்கைப் பார்க்கட்டும். மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கரில் காற்றுதான் வசனம் பேசும். ஐந்து பேருக்கு ஒரே மைக்கைக் கைமாற்றினால் இடைவெளி உங்கள் கையில் இருக்காது. குறைந்தது இரண்டு வேண்டும், ஒன்று அடம்பிடிப்பவனுக்கு மட்டும். மொத்தம் நாலு நிமிஷம், அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

பழைய படங்களைத் தொடவே கூடாது என்று சட்டம் போட்டால் என்ன?
— தொண்டி வாசகர்

போட்டால் 'தில்லு முல்லு'வே வந்திருக்காது. 1981-ல் பாலசந்தர் எடுத்தது 1979 இந்திப் படமான 'கோல்மால்' படத்தின் தமிழ். ரஜினியின் ஒட்டு மீசைக்குப் பின்னால், மீசையை வைத்தே ஆளை எடைபோடுகிற தேங்காய் சீனிவாசன் இருந்தார். அந்த முதலாளியின் பிடிவாதம்தான் கதைக்கு அச்சாணி. 2013-ல் மிர்ச்சி சிவாவும் பிரகாஷ்ராஜும் வந்தபோது அப்படியொரு முதலாளியை ஊரில் தேட வேண்டியிருந்தது. நடிகர்கள் மேல் குறை இல்லை. மறு ஆக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது, கதையில் வருகிற பயம் இன்னும் ஊரில் இருக்கிறதா என்பது.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் சும்மா இருக்கப் போகிறோம். எந்த இரண்டாம் பாகத்தை நம்பிப் பார்க்கலாம்?
— மண்டபம் வாசகர்

வலை பின்னுகிற நேரம் போக மிச்சத்துக்குச் சொல்கிறோம். 'சென்னை 600028' (2007) பார்த்துவிட்டு மறுநாளே 2016 பாகம். அதே பையன்கள் ஒன்பது வருஷம் மூத்து, கல்யாணம் குடும்பம் என்று சிக்கியிருக்கிறார்கள். இதில் வயசே நகைச்சுவை என்பதால் வரிசை மாற்றாதீர்கள். 'தமிழ்ப்படம்' (2010), அதன் இரண்டாம் பாகம் (2018) இரண்டையும் எப்படி வேண்டுமானாலும் பார்க்கலாம். இடையில் வந்த படங்கள்தான் அதற்கு மூலப்பொருள், நக்கலடிக்கத் தமிழ் சினிமா சரக்கு குறைவைத்ததே இல்லை. 'கலகலப்பு' முதல் பாகம் கும்பகோணத்தில், இரண்டாவது காசியில். கதைத் தொடர்ச்சி கிடையாது. 'அரண்மனை' நாலு பாகத்துக்கும் (2014 முதல் 2024 வரை) இதேதான், வீடும் பேயும் புதுசு. பாதியில் தூங்கிப்போனாலும் நஷ்டமில்லை.

சங்கக் கட்டடத்தில் திரை கட்டி ஊருக்கே போடுவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். செல்போனில் கட்டிய ஓடிடி சந்தா வீட்டுக்குள் பார்க்க மட்டுமே. பொதுவில் போட உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்க வேண்டும்.