பவுடர் இருக்கட்டும், ஆறு மணிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்?

கேள்வி: வயது 23, எடை 58 கிலோ. திருப்பூரில் பனியன் கம்பெனியில் அயர்ன் செய்கிறேன். சாப்பாட்டுக்கு மாதம் 6,000 ரூபாய்தான் முடியும். காலையில் டீ, இரண்டு வடை, மதியம் மெஸ், மாலை டீ, பிஸ்கட், 7 மணிக்கு ஜிம், இரவு இரண்டு பரோட்டா. ஜிம்முக்குப் போய் இரண்டு மாதத்தில் 3 கிலோ குறைந்துவிட்டேன். தலையும் சுற்றுகிறது. மாஸ்டர் 3,000 ரூபாய்க்குப் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார். கடன் வாங்கியாவது வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. உங்களுக்குக் குறைவது பவுடர் இல்லை, சாப்பாடு. நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன், 1,800 கலோரியைத் தாண்டாது. நாள் முழுக்க நின்றுகொண்டு, நீராவியில் வியர்த்து வேலை செய்கிற உடம்புக்கு 2,400 ஆவது வேண்டும். ஜிம்மில் ஒரு மணி நேரம் எடை தூக்கினால் அதற்கு மேல் இன்னொரு 200, 300. பற்றாக்குறைக்கு உடம்பு தன் சதையையே எடுத்துச் செலவழிக்கிறது. இந்த நிலையில் பவுடர் குடித்தால் அந்தப் புரதத்தில் பெரும்பகுதி விறகாக எரிந்துதான் போகும்.

தலைசுற்றலுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த மாலை டீ. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவர் ஏழு மணிக்கு எடை தூக்கினால் நடுவில் ஆறு மணி நேரம். ஒரு டீயும் நாலு பிஸ்கட்டும் எதற்குக் காணும்? ஆறு மணிக்கு ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, ஒரு துண்டு வெல்லம், ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள். அயர்ன் டேபிளில் நிற்கிறவர் தண்ணீரையும் மறக்கக் கூடாது. உப்புப் போட்ட நீர்மோர் கிடைத்தால் இன்னும் நல்லது.

சரி, புரதத்துக்கு வருவோம். சாதாரணமாக கிலோ எடைக்கு 0.83 கிராம் போதும். எடை தூக்குகிறவருக்கு 1.4 என்று வைத்தால் உங்களுக்குத் தினம் 80 கிராம். மூன்று முட்டையில் 18, அரை லிட்டர் பாலில் 15, சோயா உருண்டை 30 கிராமில் 15, வேர்க்கடலை 50 கிராமில் 12, பொட்டுக்கடலை 50 கிராமில் 10. மீதி சோறு, சாம்பாரிலேயே வந்துவிடும். இத்தனையும் சேர்த்துத் தினம் ஏறக்குறைய 60 ரூபாய், மாதம் 1,800. வடையும் பிஸ்கட்டும் நின்றால் அதில் ஒரு பகுதி திரும்பிவிடும். பவுடரில் ஒரு ஸ்கூப் தருவது 24 கிராம். நாலு முட்டையிலும் அதே அளவுதான், விலைதான் மூன்றில் ஒரு பங்கு.

முட்டையை வேகவைத்தே சாப்பிடுங்கள். ஜிம்மில் பச்சையாக உடைத்துக் குடிப்பதை வீரம் என்று நினைக்கிறார்கள். வெந்த முட்டையில் பத்தில் ஒன்பது பங்கு புரதம் உடம்பில் சேரும், பச்சையில் பாதிதான். மஞ்சள் கருவை எறியவும் வேண்டாம், காசு கொடுத்து வாங்கியது. சோயா ஆண்களுக்கு ஆகாது என்பதும் வெறும் பேச்சு. இந்த அளவுக்கு ஒன்றும் ஆகாது. வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தடவை பிழிந்துவிட்டுக் குழம்பில் போட்டால் பச்சை வாடை போய்விடும். ரூமில் அடுப்பு இருந்தால் இரவில் எல்லோரும் சேர்ந்து சோறும் பருப்பும் வைத்துக்கொள்ளுங்கள். பரோட்டாவை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிடலாம்.

அப்புறம், ஜிம்மைக் குறையுங்கள். வாரம் ஆறு நாள் வேண்டாம், மூன்று போதும். ஒன்றரை ஷிப்ட் பார்த்த அன்று போகவே போகாதீர்கள். அன்று தூக்கம்தான் உடம்பை ஏற்றும். மாதக் கடைசியில் கை இறுகி முட்டையும் பாலும் குறைந்தால், அந்த வாரம் எடையையும் குறைத்துத் தூக்குங்கள். சாப்பாடு எவ்வளவோ அவ்வளவுதான் பயிற்சி. மாஸ்டர் ஏதாவது சொன்னால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

நாலு வாரம் இப்படிச் செய்து, காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். ஒரு கிலோ ஏறினாலே சரியான பாதைதான். ஏறாமல் இறங்கிக்கொண்டே போனாலோ, தலைசுற்றல் நிற்காவிட்டாலோ அரசு மருத்துவமனைக்குப் போய் ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, மாலையில் காய்ச்சலோ இருந்தால் நாலு வாரம் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போய்க் காசநோய் இருக்கிறதா என்று சளிப் பரிசோதனை செய்யுங்கள். அங்கே அதற்குக் காசு கிடையாது.