47 வயதில் கோர்ட் படி ஏறலாமா?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 47 வயது. பி.காம். படித்தவள். ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 21 ஆண்டுகள் வேலை பார்த்தேன். சென்ற ஆண்டு ஆலையை மூடிவிட்டார்கள். கணவர் லாரி புக்கிங் அலுவலகத்தில் இருக்கிறார். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். என் அப்பா வீட்டுச் சொத்தில் பாகப்பிரிவினை வழக்கு ஆறு ஆண்டுகளாக நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது, எந்தப் பேப்பர் தாக்கலானது என்று தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் வக்கீலின் குமாஸ்தாவே சில நாள் எனக்குப் போன் செய்து தேதி கேட்பார். இந்த வேலையையே தொழிலாகச் செய்தால் என்ன என்று ஓர் ஆசை. கைப்பேசியில் ‘பாராலீகல்’ என்ற ஆறு மாத ஆன்லைன் வகுப்புக்கு விளம்பரம் வந்தது. கட்டணம் 45,000 ரூபாய், வேலை உறுதி என்கிறார்கள். வளையலை அடகு வைத்துச் சேரலாமா? “இந்த வயதில் கோர்ட்டில் போய் என்ன செய்யப்போகிறாய்?” என்று நாத்தனார் கேட்கிறார்.

வாசகி, ராஜபாளையம்

பதில்: முதலில் அந்த வளையலை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், சகோதரி. மற்றதைப் பிறகு பேசுவோம்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் பாராலீகல் என்பது தனித் தொழில். வக்கீலின் மேற்பார்வையில் ஆவணம் தயாரிப்பது, சட்டம் தேடித் தருவது, கட்சிக்காரரிடம் விவரம் வாங்குவது எல்லாம் அவர்கள் வேலை. நம் நாட்டில் அந்தப் பெயரில் பதிவோ உரிமமோ கிடையாது. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் வேலை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 28 ஆண்டுகளாக வக்கீலாக இருக்கிறேன். என் அலுவலகத்துக்கு ஆள் எடுக்கும்போது ஒரு நாளும் அப்படியொரு சான்றிதழைக் கேட்டதில்லை. ‘வேலை உறுதி’ என்று சொல்பவரிடம், எந்த ஊரில், யாரிடம், என்ன சம்பளத்துக்கு என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அந்த வேலை நம் ஊரில் இல்லாமல் இல்லை. அதற்கு நம் ஊர்ப் பெயர் வக்கீல் குமாஸ்தா. அந்த வேலை எப்படிப்பட்டது என்று காட்ட, என் தொழிலின் மூன்றாம் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

முன்சீப் கோர்ட்டில் எங்கள் கட்சிக்காரருக்கு எதிராகத் தீர்ப்பு. தேதி ஜூன் 3. மேல்முறையீட்டுக்கு 30 நாள். தீர்ப்பின் நகல் கேட்டு ஜூன் 10 அன்று மனுப் போட்டேன். நகல் வாங்க ஆகும் நாட்களை அந்த 30 நாளில் சேர்க்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஜூலை 8 அன்று போய் நகலை வாங்கினேன். ஆக 29 நாள் கழிவு, ஆகஸ்ட் 1 வரை நேரம் இருக்கிறது என்று நிம்மதியாக வேறு கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூலை 21 மாலை, எங்கள் சீனியரின் குமாஸ்தா அந்த நகலை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். அங்கே ஒரு முத்திரை இருக்கும். மனுப் போட்ட நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். தயாரான நாள் என்ற இடத்தில் ஜூன் 28 என்று இருந்தது. விரலை அதில் வைத்துக்கொண்டு, “தயாரான நாள் வரைக்கும்தான் கழிவு. நீங்கள் போய் வாங்காமல் விட்ட பத்து நாள் நம் கணக்கு. நாளைதான் கடைசி” என்றார். கழிவு 19 நாள்தான். ஜூலை 22. அன்று இரவு பதினொன்றரை வரை உட்கார்ந்து தட்டச்சு செய்து, மறுநாள் மேல்முறையீட்டைத் தாக்கல் செய்தோம். அவர் திருப்பிப் பார்க்காமல் விட்டிருந்தால், காலதாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு, அதற்கு எதிர் மனு என்று அந்தக் குடும்பத்துக்கு இன்னும் ஓர் ஆண்டு போயிருக்கும். அவர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்த மூன்று பேரில் ஒருவர்.

இப்போது உங்கள் கணக்குப் பிரிவை நினைத்துப் பாருங்கள். ஒரு வவுச்சரில் தேதி தவறினால் கண்ணில் உறுத்துமல்லவா? அதே கண்தான் இந்த வேலைக்கும் வேண்டும். வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்து விடுபட்டிருக்கிறதா, கோர்ட் கட்டணம் சரியா, சம்மனைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கான பேட்டா கட்டியாகிவிட்டதா, பிரதிவாதி தரும் எழுத்துப் பதிலான எதிர்வழக்குரைக்குரிய 30 நாள் எப்போது முடிகிறது, திரும்பி வந்த மனுவைக் குறை தீர்த்து மறுதாக்கல் செய்தாயிற்றா என்று நாளெல்லாம் பார்க்க வேண்டும். சொத்து வழக்கென்றால் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா ஆகியவற்றின் சர்வே எண்ணும் பரப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். 21 ஆண்டு பேரேடு பார்த்தவருக்கு இது அந்நியமான வேலையே இல்லை.

வயதைப் பற்றி ஒன்று. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும்கூட மாறிவிட்டன. கொலைக்குப் பிரிவு 302 என்று இத்தனை ஆண்டு சொல்லிப் பழகிய நாங்கள் எல்லோரும் 103 என்று புதிதாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தேதிக்கு முந்தைய குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம், பிந்தையவற்றுக்குப் புதியது என்பதால் இரண்டையும் தெரிந்துகொண்டாக வேண்டும். இன்னொரு பக்கம், மின் தாக்கல் வந்துவிட்டது. பேப்பரை ஸ்கேன் செய்து, பக்க எண் போட்டு, இணையத்தில் ஏற்ற வேண்டும். வழக்கின் 16 இலக்க எண்ணைக் கொடுத்து அடுத்த தேதியைப் பார்க்க வேண்டும். பல அலுவலகங்களில் அனுபவமுள்ள குமாஸ்தாவுக்குக் கணினி கைவரவில்லை. கணினி தெரிந்த பிள்ளைக்கு நாலு மாதம் ஒரே இடத்தில் உட்காரப் பொறுமை இல்லை. இந்த இடைவெளியில்தான் உங்களுக்கு இடம் இருக்கிறது.

அதனால் நான் சொல்வது இதுதான். உங்கள் ஊரிலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, சிவில் வழக்கு அதிகம் நடத்தும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் மூன்று மாதம் பழகுநராக உட்காருங்கள். உங்கள் வழக்கை நடத்துபவரிடம் வேண்டாம். அங்கே நீங்கள் கட்சிக்காரர். அது அப்படியே இருக்கட்டும். சம்பளம் பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள். மனம் கோணாமல் கேளுங்கள்: தொடக்கத்தில் ஆலையில் வாங்கியதில் பாதி கிடைத்தாலே நல்ல அலுவலகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். நேரத்தையும் பேசுங்கள். கோர்ட் முடிந்த பிறகு மாலையில்தான் கட்சிக்காரர்கள் வருவார்கள், இரவு ஒன்பது வரைகூடப் போகும். இத்தனை மணிக்கு மேல் இருக்க முடியாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை. இந்த வேலையில் பெண்கள் குறைவு. நகல் பிரிவின் ஜன்னல் முன்னால் முதல் வாரம் உங்களை வாதி, பிரதிவாதி என்றுதான் நினைப்பார்கள். போகப் போகப் பழகிவிடும்.

தமிழ்த் தட்டச்சு தெரியாவிட்டால் உடனே ஒரு பயிற்சி நிலையத்தில் சேருங்கள். 45,000 ரூபாயில் சிறு துண்டுதான் செலவாகும். கீழ்க் கோர்ட்டுகளில் தமிழில் மனுவும் பிரமாணப் பத்திரமும் பிழையில்லாமல் அடிப்பவருக்கு எப்போதும் தேவை உண்டு.

இன்னொரு வழி, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. உங்கள் மாவட்டத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வளாகத்தில் இருக்கிறது. சட்டத் தன்னார்வலர்களை அவர்கள் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறார்கள். தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2009-ல் கொண்டுவந்த திட்டம் இது. பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், மகளிர் குழுவினர் எல்லோரும் இதில் சேரலாம். சட்ட உதவி மையத்தில் உட்கார்ந்து மனு எழுத உதவுவது, எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டுவது, மக்கள் நீதிமன்றத்துக்கு வழக்குகளைக் கொண்டுவருவது ஆகியவை வேலை. பணி செய்த நாளுக்கு மதிப்பூதியம் உண்டு. அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. இதைச் சம்பளத்துக்காகச் செய்யாதீர்கள். ஆனால் ஓர் ஆண்டு செய்தால், கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு வராந்தாவில் திகைத்து நிற்கும் மனிதரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்துவிடும். எந்த வகுப்பிலும் கிடைக்காத படிப்பு அது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. ஆறு ஆண்டாகக் கைக்காசில் வழக்கு நடத்துகிறீர்கள், உங்களிடம் இதை யாராவது சொன்னார்களா? 15100 என்ற எண்ணில் அழைத்தாலும் விவரம் சொல்வார்கள். அதே ஆணைக்குழுவின் கீழ், குற்ற வழக்குகளில் ஏழைகளுக்காக வாதாடும் அலுவலகங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அலுவலக உதவியாளர்களை ஒப்பந்த முறையில் எடுக்கிறார்கள். மாவட்ட நீதிமன்ற இணையதளத்தில் அறிவிப்பு வரும், வயது வரம்பைப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

ஒரு கோட்டை மட்டும் ஒருபோதும் தாண்டாதீர்கள். 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி வழக்கறிஞர் அல்லாதவர் தொழில் நடத்தினால் ஆறு மாதம் வரை சிறை. “அக்கா, நீங்களே சொல்லுங்கள், இந்தக் கேஸ் நிற்குமா?” என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். நிச்சயம் கேட்பார்கள். “வக்கீலிடம் கேட்போம், வாருங்கள்” என்று அழைத்துப் போங்கள். கேஸ் பிடித்துக் கொடுத்ததற்கு என்று யாரிடமும் பத்து ரூபாய்கூட வாங்காதீர்கள். நல்ல குமாஸ்தா தரகராகிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் கேட்ட கேள்வி. வக்கீலாகவே ஆகிவிட முடியாதா? முடியும். உங்களிடம் பட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மூன்றாண்டு சட்டப் படிப்புக்கு மேல் வயது வரம்பு இல்லை. மதுரையில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஆனால் தினமும் வகுப்புக்குப் போக வேண்டும், 70 சதவீத வருகை வேண்டும். அஞ்சல் வழியில் படித்த எல்.எல்.பி.யை வைத்து வழக்கறிஞராகப் பதிய முடியாது. யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பொதுப் பிரிவினருக்குப் பதிவுக் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குமேல் அகில இந்திய பார் தேர்வும் உண்டு. தினம் மதுரைக்குப் போய் வருவது, வருமானம் இல்லாத மூன்று ஆண்டுகள், மகனின் படிப்பு ஆகிய இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துத்தான் முடிவெடுக்க முடியும். மகன் படிப்பு முடிய இன்னும் ஓராண்டோ ஈராண்டோ இருக்கும். அதுவரை அலுவலகத்தில் உட்காருங்கள். அப்போதும் ஆசை தணியாமல் இருந்தால், 50 வயதில் விண்ணப்பம் போடுங்கள். என்னோடு பதிவு செய்தவர்களில் ஒருவர் வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று வந்தவர். முதல் வாய்தாவில் கை நடுங்கினார். இப்போது நிலப் பத்திரம் என்றால் நாங்கள் அவரைத்தான் தேடிப் போகிறோம்.

நாத்தனார் கேட்டதற்கு வீட்டில் சண்டை வேண்டாம். திங்கள்கிழமை காலையில், கோர்ட்டுக்குப் புறப்படும் பரபரப்பு தொடங்கும் முன் ஒன்பது மணிக்குள், ஏதாவது ஓர் அலுவலகத்துக்குப் போங்கள். பி.காம். சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே, ஆறு ஆண்டு வாய்தாவும் எழுதிய அந்த நோட்டை வையுங்கள். வக்கீல் முதலில் அதைத்தான் புரட்டுவார்.