மக்கள் அறிவியல் தளங்களில் போலி ப்ரொஃபைல்கள்: வாசகர் கேள்விகள்

பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் புதிதாகச் சேர்கிறவர்களின் பக்கங்களைத் திறந்தால் சிலவற்றில் சூதாட்ட விளம்பரம், கடன் விளம்பரம். பூச்சி, பறவை பார்க்கிற இடத்தில் இவர்களுக்கு என்ன வேலை?

அவர்கள் எழுதுவது உங்களுக்காக இல்லை, தேடுபொறிக்காக. 2008இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் படிப்புத் திட்டமாகத் தொடங்கிய அந்தத் தளத்துக்கு இன்று நல்ல பெயர் இருக்கிறது, அங்கே ஒரு லிங்க் கிடைத்தால் தங்கள் கடையும் கூகுளில் மேலே வரும் என்று நம்புகிறார்கள். அதனால் என்னைக் கேட்டால் ஸ்பேமைப் பிடிக்கும் வடிகட்டியைக் கூர்தீட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது வேறு: ஒருவர் ஒரு பதிவாவது போட்டு அதை இன்னொருவர் உறுதிசெய்யும்வரை அவருடைய ப்ரொஃபைலில் லிங்க் வேலை செய்யக் கூடாது, அந்தப் பக்கம் தேடுபொறி கண்ணில் படவும் கூடாது. இந்த லிங்க்கைக் கணக்கில் எடுக்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும், 2005இலேயே வந்த நோஃபாலோ குறி போதாதா என்பார்கள். போதாது. கணக்குகளை மொத்தமாகத் தொடங்கும் நிரல்கள் அதைப் பார்த்துவிட்டு வருவதில்லை.

எங்கள் தளத்துக்கு 99 சதவீதம் சரியாகச் சொல்லும் வடிகட்டி தயார். பிடித்ததைத் தானாகவே அழித்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். 10,000 புதுக் கணக்குகளில் 200 ஸ்பேம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 198 சிக்கும், சரி. மீதி 9,800 பேர் நல்லவர்கள், அவர்களிலும் நூற்றுக்கு ஒருவர் தவறாக மாட்டினால் 98 பேர், அதாவது சிக்கியவர்களில் மூன்றில் ஒருவர் எந்தத் தப்பும் செய்யாதவர். ஏப்ரல் கடைசியில், எந்த ஊர் அதிக உயிரினங்களைப் பதிவிடுகிறது என்று நகரங்கள் மோதும் சிட்டி நேச்சர் சேலஞ்ச் நடக்கும்போது (2016இல் லாஸ் ஏஞ்சலஸும் சான் பிரான்சிஸ்கோவும் போட்டி போட்டு ஆரம்பித்தது) ஒரு வகுப்பே ஒரே வைஃபையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் முப்பது கணக்குத் தொடங்கும், வடிகட்டிக்கு அது அப்படியே ஸ்பேம் கும்பல் மாதிரிதான் தெரியும். முதல் தும்பியைப் படம் பிடித்த பிள்ளையின் கணக்கு காணாமல் போனால் அந்தப் பிள்ளை திரும்பி வராது. அழிக்காமல் மறைத்து வையுங்கள், ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும்.

அறிமுகத்தில் உள்ள வார்த்தைகளை வைத்தே கண்டுபிடிக்க முடியாதா?

ஓரளவுக்குத்தான். மூலிகை, காளான், மருந்து என்றெல்லாம் எழுதுகிறவர் தாவரவியல் ஆய்வாளராக இருக்கலாம். அகிஸ்மெட் போன்ற ஸ்பேம் தடுப்புச் சேவைகள் வலைப்பூப் பின்னூட்டங்களுக்காக உருவானவை, உங்கள் ஆட்கள் எழுதும் விதம் அவற்றுக்குப் பழக்கமில்லை, எனவே உங்கள் தளத்தில் ஏற்கெனவே ஸ்பேம் என்று கொடி போட்டவற்றையும் தவறாகக் கொடி போட்டு விடுவித்தவற்றையும் சேர்த்துப் பயிற்சி கொடுங்கள். அப்புறம் நடத்தையைப் பாருங்கள்: கணக்குத் தொடங்கிய இரண்டாவது நிமிடமே லிங்க்கோடு நீண்ட அறிமுகம், ஆனால் வாரக்கணக்கில் ஒரு பதிவும் இல்லை.

இப்போது அறிமுகங்களை ஏஐ அழகாக எழுதிவிடுகிறதே?

எழுத்தை விடுங்கள், லிங்க் எங்கே போகிறது என்று பாருங்கள். நாற்பது ஆட்கள், நாற்பது நடை, போய்ச் சேரும் தளம் ஒன்றுதான்.

ஒரு தளத்தில் தமிழில் அறிமுகம் எழுதினேன், மறைத்துவிட்டார்கள்.

வருத்தமான விஷயம், ஆனால் காரணம் புரிகிறது. தமிழை அதிகம் பார்க்காத வடிகட்டிக்கு நம் எழுத்து வெறும் அறிமுகமில்லாத குறிகள். தளம் நடத்துகிறவர்கள் தவறாகப் பிடித்த கணக்குகளை மொழிவாரியாக எண்ணிப் பார்க்க வேண்டும், மொத்தச் சராசரியில் இது தெரியவே தெரியாது. நீங்கள் உங்கள் பதிவுகளின் லிங்க்கோடு நிர்வாகிகளுக்கு எழுதுங்கள், அறிமுகத்தைத் தமிழிலேயே வைத்திருங்கள்.